‘பள்ளியின் பெயர்’ என்ற கட்டம்: கல்லூரிச் சேர்க்கைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கைக் குழுவினருக்கு வணக்கம்.

2025 மே மாதம் கோவையில் ஒரு கல்லூரியின் சேர்க்கைக் கவுன்ட்டர் முன்னால் நானும் என் மகளும் ஒன்றே கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. அலுவலர் விண்ணப்பத்தை வாங்கி இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

“ஸ்கூல் பேரு எழுதலையேம்மா?”

“வீட்டுலயே படிச்சவ சார். என்.ஐ.ஓ.எஸ்.ல, அதான் ஓப்பன் ஸ்கூல் போர்டுல, எழுதிப் பாஸ் பண்ணியிருக்கா.”

மதிப்பெண் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். “அக்டோபர்ல பாஸா? அப்ப எத்தனை அரியர்?”

என் மகள் வாயைத் திறப்பதற்குள் தாள்கள் எங்கள் பக்கம் தள்ளப்பட்டுவிட்டன. பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிட்டார். அவ்வளவுதான். எட்டு வருஷப் படிப்புக்கு அந்தக் கவுன்ட்டரில் கிடைத்தது ஒன்றரை நிமிஷம்.

அந்த அலுவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் புரட்டுகிற மனிதர். இந்த மாதிரித் தாள் வந்தால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரி. நூல் மில் ஆபீஸில் பதினோரு வருஷம் கணக்கெழுதியவள். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வீசிங் அதிகமாகி, அந்த வருஷத்தில் பாதி நாள் பள்ளிக்கே போக முடியவில்லை. ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டும், உடம்பு தேறியதும் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் 2017இல் நிறுத்தினோம். அந்த ஒரு வருஷத்தில் அவள் படித்த விதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. காலையில் கணக்கு, மத்தியானம் வரை புத்தகம், சாயங்காலம் தடப்பள்ளி வாய்க்கால் கரை. நான் வேலையை விட்டேன். இதற்கு மேல் எங்கள் கதை உங்களுக்குத் தேவையில்லை. தேவைப்படுவது அவள் கையில் இருந்த தாள்களைப் பற்றிய விவரம்.

என்.ஐ.ஓ.எஸ். என்பது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் மத்திய அரசு தொடங்கியது. சி.பி.எஸ்.இ. போல அதுவும் ஒரு தேசியக் கல்வி வாரியம். டுட்டோரியல் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதினான்கு வயதும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதினைந்து வயதும் நிரம்பியிருந்தால் பதிவு செய்யலாம். ஒரு முறை பதிவு செய்தால் ஐந்து வருஷம் செல்லும். பொதுத்தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. தயாரான பாடத்தை முதலில் எழுதலாம், மற்றதை அடுத்த தடவை எழுதலாம்.

என் மகள் 2024 ஏப்ரலில் ஆங்கிலமும் உயிரியலும் எழுதினாள். அக்டோபரில் கணக்கு, இயற்பியல், வேதியியல். எழுதிய ஐந்தும் முதல் தடவையிலேயே தேர்ச்சி. இது அரியர் இல்லை. பாடங்களைப் பிரித்து எழுதலாம் என்று அந்த வாரியமே வைத்திருக்கிற முறை. அக்டோபரைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அந்தக் காரணம் நீங்கள்தான். ஏப்ரலில் எழுதினால் முடிவு வருவதற்கு ஜூன் ஆகிவிடும். நம் மாநிலத்தில் பிளஸ் டூ முடிவு மே மாதமே வந்து, கல்லூரி விண்ணப்பங்களும் கையோடு தொடங்கிவிடுகின்றன. ஜூனில் முடிவு வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு நல்ல கல்லூரிகளில் இடம் முடிந்துபோயிருக்கும். அதனால் வீட்டில் படிக்க வைக்கிற பெற்றோர் பலர் முந்தின வருஷ அக்டோபரிலேயே முடித்துவிடப் பார்க்கிறோம். உங்கள் கால அட்டவணைக்குள் வந்து சேர வேண்டும் என்று நாங்கள் எடுத்த முயற்சியே கவுன்ட்டரில் தோல்வியின் அடையாளமாகப் படிக்கப்படுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

உங்கள் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ என்றால் தமிழ், ஆங்கிலம், நான்கு பாடங்கள், ஆக 600 மதிப்பெண். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ் வந்துவிடும், அதாவது 500. நாங்கள் நிரப்பிய ஒரு படிவத்தில் ‘மொத்தம் 600க்கு’ என்று அச்சடித்திருந்தது. 500க்கு வாங்கியதை அங்கே எப்படி எழுதுவது? பகுதி ஒன்று தமிழ் என்ற கட்டத்தில் எதை எழுதுவது? அவள் பத்தாம் வகுப்பில் தமிழ் எடுத்துத் தேறியவள், பன்னிரண்டில் நான்கு அறிவியல் பாடங்களோடு ஆங்கிலம் மட்டும் எடுத்தாள். ‘பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்’ என்று இன்னொரு கட்டம். 2018இல் நம் மாநிலத்தில் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது முளைத்த கட்டம் அது. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பதினொன்று தனி, பன்னிரண்டு தனி என்பதே கிடையாது. மாநில அரசும் அந்தப் பொதுத்தேர்வை இப்போது எடுத்துவிட்டது. கட்டம் மட்டும் நிற்கிறது. கணக்கெழுதிப் பழகிய எனக்கே அந்தப் படிவத்தின் முன்னால் கை நின்றுவிட்டது. எழுதப் படிக்கச் சிரமப்படுகிற பெற்றோர் என்ன செய்வார்கள்?

அப்புறம் டி.சி. இரண்டு கல்லூரிகளில் “டி.சி. இல்லாம அட்மிஷன் போட முடியாதும்மா” என்றார்கள். என்.ஐ.ஓ.எஸ். மதிப்பெண் பட்டியலோடு ஒரு தாள் தருகிறது. மைக்ரேஷன் கம் டிரான்ஸ்பர் சர்டிஃபிகேட் என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. நீங்கள் கேட்கிற டி.சி. அதுதான். தலைப்பை விரல் வைத்துக் காட்டினேன். “ஸ்கூல் சீல் இருக்கணும்மா” என்றார்கள்.

இந்தப் பிள்ளைகள் எப்படித் தயாராகிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் மகளுக்கு விலங்கியல் படிக்க ஆசை. பன்னிரண்டு வயதிலிருந்து வாய்க்கால் கரையில் தட்டான்களைக் குறித்து வருகிறாள். கொடிவேரி அணையிலிருந்து தண்ணீர் விடுகிற நாள், நாற்று நடுகிற நாள், அன்றைக்குப் பார்த்த தட்டான் எத்தனை, என்ன நிறம், ஊசித்தட்டானா பெரிய தட்டானா, எல்லாம் நீள நோட்டில் இருக்கும். மூன்று நோட்டு முடிந்து நான்காவது ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நோட்டை வைத்து யாரும் சீட் தர மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். உள்ளூர்க் கல்லூரிகளுக்கு மதிப்பெண் வேண்டும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் தேர்வு வேண்டும், ஐசர் என்கிற மத்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு அவர்களுடைய திறனறித் தேர்வு வேண்டும். மூன்றுக்கும் பாடத்திட்டம் ஒன்றில்லை. என்.ஐ.ஓ.எஸ். புத்தகம் ஒரு விதம். நுழைவுத்தேர்வுக் கேள்விகள் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கிற என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டி வரும். ஒரே இயற்பியலை இரண்டு புத்தகத்தில் படித்தாள். ஒரு பாடத்தின் பெயரை எழுதி, இடது பக்கம் என்.ஐ.ஓ.எஸ்.ஸில் எந்தப் பக்கம், வலது பக்கம் என்.சி.இ.ஆர்.டி.யில் எந்தப் பக்கம், எது ஒன்றில் மட்டும் இருக்கிறது என்று அவளே ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினாள். பயிற்சி மையம் எதற்கும் அனுப்பவில்லை. அதற்குப் பணமும் இல்லை.

பாடம் அவளுக்குச் சிரமமாக இல்லை. நேரம்தான் சிரமம். வீட்டில் மணி அடிப்பது கிடையாது. ஒரு கணக்கு வரவில்லை என்றால் வரும்வரை உட்காருவாள், மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும். க்யூட்டில் ஒரு பாடத்துக்கு ஐம்பது கேள்வி, அறுபது நிமிஷம். முதல் தடவை வீட்டில் வைத்துப் பார்த்தபோது நேரம் முடிகையில் இருபத்திரண்டாம் கேள்வியில் இருந்தாள். பேனாவை வைத்துவிட்டு அழுதாள். “எனக்குத் தெரியும்மா, இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா வந்திருக்கும்.” தெரிந்த பிள்ளை அழுவதைப் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தப்பானால் ஒன்று குறையும் என்பதும் அவளுக்குப் புதிது. தப்பு செய்தால் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் எட்டு வருஷமாக நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் ஒரு தாள். தேர்வு மையத்தில் மவுஸ் பிடித்து எழுத வேண்டும் என்பதால் என் தம்பி வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார் அவள் அப்பா. திரையில் கேள்வியின் கீழ் கோடு போட முடியாது, ஓரத்தில் கணக்குப் போட முடியாது. தனித்தாளில் கேள்வி எண்ணை எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பத் திரைக்குக் கண்ணைக் கொண்டுவரப் பழகினாள். வராத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவதுதான் கடைசிவரை அவளுக்கு வலித்தது. இரண்டு மாதத்தில் நாற்பத்தாறு கேள்வி வரை வந்துவிட்டாள்.

செய்முறைத் தேர்வைப் பற்றித்தான் உங்களுக்குச் சந்தேகம் அதிகம் இருக்கும், லேப் இல்லாமல் எப்படி என்று. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் செய்முறைத் தேர்வு கட்டாயம், படிப்பு மையத்துக்குப் போய்த்தான் செய்ய வேண்டும். போவதற்கு முன்னால் வீட்டிலேயே முடிந்ததை எல்லாம் செய்தாள். திண்ணை விட்டத்து ஆணியில் தையல் நூல் கட்டி, அப்பாவிடமிருந்த தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள். ஆணியிலிருந்து குண்டின் நடு வரை சரியாக ஒரு மீட்டர். இருபது அலைவுக்கு 40.4 வினாடி. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.68 வந்தது. புத்தகத்தில் இருப்பது 9.8. நான் “கிட்டத்தட்ட வந்துருச்சு கண்ணு, விடு” என்றேன். அவள் விடவில்லை. நூல் நீள்கிறதா, கடிகாரத்தை அழுத்துவதில் தாமதமா, ஆணியில் நூல் வழுக்குகிறதா என்று மூன்று நாள் அதிலேயே இருந்தாள். வேதியியலில் மட்டும் எங்களால் முடியவில்லை. சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விட்டு அளக்கிற பியூரெட்டை முதன்முதலில் படிப்பு மையத்தில்தான் தொட்டாள். பக்கத்தில் நின்ற பையன் ஈரோட்டில் மெக்கானிக் பட்டறையில் வேலை செய்துகொண்டே பன்னிரண்டு எழுதுகிறவன். பியூரெட்டின் திருகை இடது கையால் பிடித்துத் திருப்பினால் ஒவ்வொரு சொட்டாக விழும் என்று அவன்தான் காட்டிக் கொடுத்தான்.

அந்தப் பையனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். “ஃபெயிலாப் போனவங்க எழுதறதுதானே இது” என்று ஒரு கல்லூரியில் கேட்டபோது, என் மகள் அப்படி இல்லை என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. பிறகு எனக்கே உறுத்தியது. ஃபெயிலாகி மறுபடி எழுதினால்தான் என்ன? வேலைக்குப் போகிற பிள்ளைகள், நோயாளிப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், விளையாட்டுக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள், படிப்பு நடுவில் நின்றுபோன பெண்கள், எல்லாருக்கும் அந்த ஒரு வாசல்தான் இருக்கிறது. என் மகளை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டி ஒரு சீட் வாங்க எனக்கு விருப்பமில்லை.

சட்டம் இதில் குழப்பமாக இல்லை. 2018இல் திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுத முடியாது என்று ஒரு விதியைக் காட்டி வாசலை மூடினார்கள். அந்த மே மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொல்லிவிட்டது. டாக்டர் படிப்புக்கே வாசல் திறந்திருக்கும்போது பி.எஸ்சி. விலங்கியலுக்கு ஏன் நிறுத்துகிறீர்கள்? நம் மாநிலப் பொறியியல் சேர்க்கையில் வேறு வாரியத்தில் படித்தவர்களின் மதிப்பெண்ணை மாநில வாரிய மதிப்பெண்ணோடு சமன் செய்து கணக்கிடுகிறார்கள். அந்த வாரியத்தில் ஒரு பாடத்தில் எடுக்கப்பட்ட அதிகபட்சம் 90, இங்கே 100 என்றால், அங்கே 60 எடுத்தவருக்கு இங்கே 66.67. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் மதிப்பெண் தாராளமாக வராது. எங்கள் வட்டத்துப் பிள்ளைகளின் பட்டியல்களைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நாங்கள் போன கலை அறிவியல் கல்லூரிகள் எதிலும் இப்படிச் சமன் செய்வது பற்றிய பேச்சே இல்லை. பட்டியலில் இருக்கிற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

2016இல் நடந்த ஒன்று உங்களுக்கு நினைவிருக்கலாம். மும்பையில் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு வீட்டில் படித்த ஒரு பெண், பன்னாட்டுக் கணினியியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கியவர். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.யில் சேர வழியில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்பே இங்கே, சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கிற சென்னைக் கணிதவியல் நிறுவனம், அவருடைய அறிவைப் பார்த்துவிட்டு முதுகலை அளவு வகுப்பிலேயே உட்கார வைத்திருந்தது. அதைப் படித்த நாளில் எனக்கு ஒரு தைரியம் வந்தது. நம் ஊரிலேயே இப்படி ஒரு இடம் இருக்கிறதே என்று. என் மகள் பதக்கம் எதுவும் வாங்கியவள் இல்லை. சாதாரணமாக நன்றாகப் படிக்கிற பெண். அப்படிப்பட்ட பிள்ளைக்கும் வழி இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அவளிடம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய காரியங்கள் இல்லை. உங்கள் தகவல் கையேட்டில் ‘என்.ஐ.ஓ.எஸ். தேர்ச்சி பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம்’ என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரியை விரல் வைத்துக் காட்ட முடிந்தால் எங்கள் பாதிச் சண்டை முடிந்துவிடும். படிவத்தில் ‘பள்ளியின் பெயர்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘அல்லது வாரியப் பதிவு எண்’ என்று சேருங்கள். மொத்த மதிப்பெண் எத்தனைக்கு என்பதை மாணவரே எழுதும்படி இடம் விடுங்கள். மைக்ரேஷன் கம் டிரான்ஸ்பர் சர்டிஃபிகேட்தான் டி.சி. என்று கவுன்ட்டரில் இருப்பவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். நன்னடத்தைச் சான்று பள்ளியிலிருந்துதான் வர வேண்டும் என்றால் எங்களால் முடியாது. அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரிடம் வாங்கி வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்று வேண்டும் என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள். எங்களிடம் ஒரு கல்லூரியில் ஐந்தாவது நாள் சொன்னார்கள், அதற்குள் பட்டியல் போட்டுவிட்டார்கள். ஏப்ரலில் எழுதிவிட்டு ஜூன் முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு, ஹால் டிக்கெட்டை வைத்து விண்ணப்பம் வாங்கி, முடிவு வந்ததும் சேர்க்க ஒரு வழி வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகு மதிப்பெண் போதவில்லை என்று சொன்னால் நாங்கள் பேசாமல் திரும்பிப் போவோம்.

என் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. நான்காவதாகப் போன கல்லூரியில் அலுவலர் தெரியவில்லை என்று சொல்லித் தாளைத் தள்ளாமல், துறைத் தலைவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மாடிக்கு அனுப்பினார். அந்த அம்மா மதிப்பெண் பட்டியலை ஒரு தடவை பார்த்து ஓரமாக வைத்துவிட்டுத் தட்டான் நோட்டைத் திறந்தார். ஐப்பசிக் குறிப்புகளில் ஒரு பக்கத்தில் நிறுத்தி, “இந்த மஞ்சள் தட்டான் திடீர்னு இத்தனை எப்படிம்மா வந்துச்சு?” என்று கேட்டார். என் மகள் இருபது நிமிஷம் பேசினாள். கடல் தாண்டிப் போகிற இனம் அது, வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது என்று நினைக்கிறேன், ஆனால் அதை உறுதியாகச் சொல்ல என் குறிப்பு மட்டும் போதாது என்றாள். அவர் அங்கேயே அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, இந்தப் பிள்ளையின் தாள்களை வாங்கி வையுங்கள், பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதுகிறேன் என்றார். இன்றைக்கு அவள் அங்கேதான் படிக்கிறாள். எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். எல்லாருக்கும் கிடைப்பார் என்று எந்தப் பெற்றோரும் நம்பிக் கிளம்ப முடியாது.

பியூரெட் பிடிக்கக் கற்றுக் கொடுத்த அந்தப் பையனுக்கு இன்னும் கணக்கும் இயற்பியலும் பாக்கி இருந்தன. இந்த அக்டோபரில் எழுதுகிறான். பட்டறை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் என் மகளுக்கு ஃபோன் செய்து சந்தேகம் கேட்பான். பி.எஸ்சி. இயற்பியல் சேர வேண்டும் என்கிறான். தேறிவிட்டால் அடுத்த மே மாதம் உங்களில் யாராவது ஒருவருடைய கவுன்ட்டருக்குத் தனியாக வருவான். கையில் என்.ஐ.ஓ.எஸ். மதிப்பெண் பட்டியல், மைக்ரேஷன் கம் டிரான்ஸ்பர் சர்டிஃபிகேட், சாதிச் சான்று, ஆதார் நான்கும் இருக்கும். பள்ளியின் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல்தான் வருவான். அவனை மாடிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
கோபிசெட்டிபாளையம்